உடன் ஒருவர்

பெரிய மாப்பிள்ளைக்கு டைஃபாய்டு என்று கேள்விப்பட்டதும் சின்ன மாப்பிள்ளைக்கு வந்தது கவலை இல்லை, வயிற்றெரிச்சல். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் நடந்தது.

"அக்கா வீட்டு மாமா பாவங்க. பதினஞ்சு நாள் படுக்கையாம்" என்றாள் மனைவி, போனைக் கீழே வைத்துவிட்டு. "நல்லவேளை, கம்பெனில சம்பளத்தோட லீவு குடுத்திருக்காங்களாம். அக்கா கொஞ்சம் நிம்மதியா இருக்கா."

"குடுத்து வச்சவரு" என்றான் அவன்.

"டைஃபாய்டு வந்தவரையா குடுத்து வச்சவருங்கறீங்க?"

போன வருஷம் அவனுக்கும்தான் காய்ச்சல் வந்தது. நாலு நாள் நடுங்கிக்கொண்டே வேலைக்குப் போனான். ஐந்தாம் நாள் முடியாமல் படுத்ததற்கு மேனேஜர் போன் போட்டு, "உங்களுக்கு ஏது லீவு? நீங்கதான் உங்களுக்கே முதலாளி ஆச்சே" என்று சிரித்தார். முதலாளியாம். எட்டே காலுக்கு ஆபீஸ் வாசலில் நின்று முகத்தைப் போட்டோ பிடித்து அனுப்பவேண்டிய முதலாளி!

இரண்டு பேரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, தங்கையைக் கட்டியவன் சின்ன மாப்பிள்ளை. இருவருக்கும் வேலை ஒரே லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில். ஒரே சாம்பல் நிறச் சட்டை, முதுகில் அதே கம்பெனி பெயர், ஒரே மாதிரி கருவிப் பை. தெருவில் போகும்போது பின்னாலிருந்து பார்த்தால் மாமியாருக்கே எந்த மாப்பிள்ளை எவர் என்று தெரியாது. ஆனால் காகிதத்தில் பார்த்தால் தெரியும். பெரியவர் நிரந்தர ஊழியர். சின்னவன் 'சுயதொழில் புரியும் சேவைக் கூட்டாளி'.

கூட்டாளி என்றால் என்ன என்று அவனுக்கு ஏழு வருஷமாகப் புரியவில்லை. எந்தக் கட்டடத்துக்குப் போகவேண்டும் என்று காலையில் மேனேஜர் சொல்வார், போகவேண்டும். மாட்டேன் என்று மூன்று தடவை சொன்னால் கணக்கை மூடிவிடுவார்கள். வேறு கம்பெனி லிஃப்டைத் தொடக்கூடாது. சட்டை கம்பெனி சட்டைதான், ஆனால் அவன் காசில் வாங்கவேண்டும். பெரியவருக்குச் சட்டை, பூட்ஸ், கையுறை எல்லாம் பெட்டியில் வந்து இறங்கும். அந்தப் பெட்டியைப் பிரிக்கிற நாளில் சின்னவன் வேண்டுமென்றே அந்தப் பக்கம் போகமாட்டான்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், பெரியவரை அந்தக் கம்பெனிக்குக் கைபிடித்து அழைத்து வந்ததே சின்னவன்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தார். மாமனார் முகம் வாடிப்போயிருந்தது. "என்னோட வாங்கண்ணே, நான் சொல்லித் தர்றேன்" என்று பெருந்தன்மையாகக் கூட்டிப் போனான். கம்பிக் கயிறு தேய்ந்திருப்பதை விரலால் தடவியே கண்டுபிடிக்க, கதவு உரசுகிற சத்தத்தை வைத்து எந்தத் தளத்தில் கோளாறு என்று சொல்ல, எல்லாம் அவன்தான் கற்றுக் கொடுத்தான். ஆறாவது மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்டுகளைக் கம்பெனி பிடித்தது. நிரந்தர ஆட்கள் இத்தனை பேர், அதுவும் டிப்ளமா படித்தவர்கள், இருந்தே ஆகவேண்டும் என்று ஆஸ்பத்திரி நிபந்தனை போட்டது. பெரியவரிடம் டிப்ளமா காகிதம் இருந்தது. சின்னவனிடம் கைதான் இருந்தது. அன்றைக்குப் பிடித்த எரிச்சல்.

நேரில் 'அண்ணே' என்பான். மனசுக்குள் 'அவன், இவன்' என்றுதான் ஓடும். பெரியவர் ஒன்றும் அலட்டுகிறவர் இல்லை. அதுவே இவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். அலட்டினாலாவது திட்டலாம். அவரோ தனக்கு வந்த கையுறையில் ஒரு ஜோடியை நீட்டி, "இந்தா தம்பி, எனக்கு ரெண்டு வந்திருக்கு" என்பார். "வேண்டாண்ணே, எனக்குப் பழக்கமில்ல" என்று இவன் வெறுங்கையோடு போவான். அப்படி ஒரு வீம்பு.

லிஃப்ட் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கூண்டின் தலைமேல் ஏறி நிற்பார். இன்னொருவர் மொட்டைமாடிக்குப் பக்கத்தில் இருக்கிற மோட்டார் அறையில் பொத்தானுக்கு முன்னால் நிற்பார். கயிறு இறங்குகிற ஓட்டை வழியாகத்தான் பேச்சு. கூண்டின்மேல் இருப்பவர் "மேலே" என்பார். மோட்டார் அறைக்காரர் உடனே பொத்தானைத் தொடக்கூடாது. "மேலே" என்று திருப்பிச் சொல்லவேண்டும், அதன்பிறகுதான் அழுத்தவேண்டும். சொன்னதைச் சொல்லாமல் கை போனால் கீழே இருப்பவர் உயிர் போகும். அப்படியாக, நாள் முழுக்க ஒருவர் சொல்வதை இன்னொருவர் திருப்பிச் சொல்லிக்கொண்டு இரண்டு சகலைகளும் கட்டடம் கட்டடமாக அலைந்தார்கள். உத்தரவு போடுவது பெரியவர், ஏனென்றால் அவர்தான் கம்பெனி ஆள். திருப்பிச் சொல்வது சின்னவன்.

ஒவ்வொரு மோட்டார் அறைச் சுவரிலும் ஆணியில் ஒரு பதிவேடு தொங்கும். தேதி, செய்த வேலை, வந்தவர் பெயர், கையெழுத்து. கையெழுத்துப் போட நிரந்தர ஊழியருக்குத்தான் அனுமதி. ஒரு நாள் பெரியவர் கீழே கிரீஸ் டப்பா எடுக்கப் போனபோது சின்னவன் சும்மா அதைப் புரட்டினான். பக்கம் பக்கமாகப் பெரியவரின் முழுப் பெயர், அழகான கையெழுத்து. அதற்குப் பக்கத்தில், ஒவ்வொரு வரியிலும், இரண்டே வார்த்தை: 'உடன் ஒருவர்'.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் மாற்றிய பெல்ட், அவன் சரிசெய்த பிரேக், அவன் எண்ணெய் போட்ட சக்கரம். கடைசியில் யார் செய்தது? உடன் ஒருவர். கூட வந்த நாய்க்குட்டிக்குக்கூட ஒரு பெயர் இருக்கும்.

"என்னண்ணே இது?" என்று கேட்டான், பெரியவர் மேலே வந்ததும்.

"அது கம்பெனி சொன்ன முறைடா. கூட்டாளிங்க பேரு எழுதக்கூடாதாம். நான் என்ன பண்றது?"

"எழுதுனா கை முறிஞ்சிருமோ?"

பெரியவர் முகம் சுருங்கியது. "மேனேஜர் திட்டுவாருடா" என்றார். அதைக் கேட்டதும் சின்னவனுக்கு இன்னும் எரிந்தது. திட்டு வாங்குவதற்குக்கூட ஒரு தகுதி வேண்டியிருக்கிறதே!

அன்று சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போனான் நம்ம ஆள். ரப்பர் முத்திரை செய்கிற கடையில் நின்று, கொட்டை எழுத்தில் ஒரு முத்திரை செய்யச் சொன்னான். 'மின்னல் லிஃப்ட் சர்வீஸ்', கீழே அவன் பெயர், அதற்குக் கீழே 'உரிமையாளர்'. அப்படி ஒரு கம்பெனி உலகத்தில் எங்கேயும் கிடையாது. அதற்கு ஆபீஸ் இல்லை, போர்டு இல்லை, போன் நம்பர்கூட இல்லை. ரப்பரும் ஒரு மரக் கைப்பிடியும்தான் அதன் மொத்தச் சொத்து.

மறுநாள் முதல் எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் பெரியவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில், 'உடன் ஒருவர்' என்பதன் தலைமேலேயே, ஊதா மையில் ஒரு குத்து. டப்! என்ன ஆனந்தம் அந்தச் சத்தத்தில்! பெரியவர் வெறும் ஊழியர், நான் உரிமையாளர். மாமியார் வீட்டுக்குப் போனபோது முத்திரையைச் சட்டைப் பையிலேயே எடுத்துப்போய் மாமனாரின் கையில் குத்திக் காட்டினான். "அட, சின்ன மாப்ள சொந்தமா கம்பெனி வச்சிட்டாரா!" என்று அவர் வாயைப் பிளந்தார். பெரியவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காட்டிக்கொடுக்கவில்லை. இவனுக்கு அன்று இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

மேனேஜர் முத்திரையைப் பார்த்தார். திட்டுவார் என்று இவன் எதிர்பார்த்தான். அவரோ, "நல்லா இருக்கே. எல்லாப் பதிவேட்டுலயும் வைங்க, விட்டுறாதீங்க" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். கம்பெனிக்காரன் முதுகில் தட்டினால் ஏன் என்று யோசிக்கவேண்டாமா? இவன் யோசிக்கவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஒன்றரை வருஷம் குத்தித் தள்ளினான்.

பெரியவரின் டைஃபாய்டு வந்தது அதன்பிறகுதான். அவர் குணமாகி, கொழுகொழுவென்று திரும்பி வந்த மூன்றாவது வாரம், விபத்து.

அன்றைக்கு ஏழு கட்டடம் என்று மேனேஜர் பட்டியல் கொடுத்திருந்தார். நாலு கட்டடமே அதிகம். ஐந்தாவதில் பெரியவர் கூண்டின் மேல், சின்னவன் மோட்டார் அறையில். கயிற்றுக்கு அழுக்குத் துடைக்கவேண்டும். லிஃப்ட் நிற்கும்போது துடைக்கவேண்டிய வேலை அது, ஆனால் நேரம் இல்லை. "மேலே" என்றார் பெரியவர். "மேலே" என்று திருப்பிச் சொல்லி இடது கையால் பொத்தானை அழுத்தி, வலது கையில் இருந்த துணியால் ஓடுகிற கயிற்றைத் துடைத்தான். கயிற்றில் ஒரு கம்பி இழை பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்தது. துணியைக் கவ்வியது. துணி கையைக் கவ்வியது. கை சக்கரத்துக்குப் போயிற்று.

அலறல் கேட்டுப் பெரியவர் லிஃப்ட் குழியின் சுவர் ஏணியில் ஏறி வந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கும். தன் சட்டையைக் கிழித்துக் கட்டி, ஆறு மாடி தோளில் தாங்கி இறக்கி, ஆஸ்பத்திரி வரை இவன் கையைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மயக்கம் தெளிந்ததும் பெரியவர் கண் சிவந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். பத்து விரலும் ஒழுங்காக இருக்கின்றன அவருக்கு. அப்போதுகூட அதைத்தான் எண்ணினான், பாவி.

கம்பெனி ஒரே கடிதத்தில் கையைக் கழுவியது. 'தாங்கள் எங்கள் ஊழியர் அல்லர். தாங்கள் மின்னல் லிஃப்ட் சர்வீஸ் என்ற தனி நிறுவனத்தின் உரிமையாளர். தங்கள் நிறுவனத்தில் நடந்த விபத்துக்குத் தாங்களே பொறுப்பு.' வேலைக் கணக்கும் மூடப்பட்டது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது என்றால் இதுதான்.

மூன்று விரல் கையை வைத்துக்கொண்டு புது இடத்தில் யார் லிஃப்ட் வேலை கொடுப்பார்கள்? ஒரே வழி, நீ இந்தக் கம்பெனியின் தொழிலாளிதான் என்று தொழிலாளர் அலுவலகம் சொல்லவேண்டும். சொன்னால் சிகிச்சை கம்பெனி பொறுப்பு, கைக்கு ஏற்ற வேலை கொடுத்துத் திரும்ப எடுக்கவும் வேண்டும். சொல்லாவிட்டால் முப்பத்தெட்டு வயதில் அவன் தொழில் முடிந்தது. மனைவிதான் இழுத்துப் போய்த் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வைத்தாள்.

விசாரணை நாள். நீள மேசை, சத்தம் போடுகிற மின்விசிறி, சுவர் ஓரமாகப் பெஞ்சு. மேசைக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி அம்மா, அவர் பக்கத்தில் எழுத்தர். ஒரு பக்கம் மேனேஜரும் கம்பெனி வக்கீலும். வக்கீல் காலடியில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய மோட்டார் அறைப் பதிவேடுகள். வாசல் ஓரம் அக்காவும் தங்கையும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். கம்பெனித் தரப்புச் சாட்சியாகப் பெரிய மாப்பிள்ளை வந்திருந்தார்.

சின்னவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இவன் என்னைக் கவிழ்த்துவிடுவான். நிரந்தர வேலையில் இருக்கிறவன், மேனேஜர் முன்னால் எனக்காகவா பேசுவான்? மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு, தேய்த்த சட்டையோடு வந்து நிற்கிற அழகைப் பார்!

"இவருக்கு வேலை யாரு சொல்வாங்க?" என்று அதிகாரி அம்மா கேட்டார்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "மேனேஜர் எங்கிட்ட சொல்வாருங்க. நான் இவன்கிட்ட சொல்வேன். நான் மேலேன்னா இவன் மேலேம்பான், கீழேன்னா கீழேம்பான். இவனா எதுவும் செய்யமுடியாதுங்க."

"மாட்டேன்னு சொல்லலாமா?"

"மூணு தடவ சொன்னா அனுப்பிருவாங்க."

"வேற கம்பெனி வேலை?"

"பாக்கக்கூடாதுங்க."

மேனேஜரின் முகம் கறுத்தது. சின்னவன் அசந்துபோனான். வக்கீல் மட்டும் அசரவில்லை. நிதானமாகக் குனிந்து, பதிவேடுகளை எடுத்து மேசைமேல் வரிசையாக விரித்தார். ஊதா நிறத்தில் மின்னல், மின்னல், மின்னல்.

"இந்தப் பெட்டில மட்டும் இருநூத்துப் பன்னெண்டு இடத்துல இருக்கு மேடம். யாரும் இவர் கையைப் பிடிச்சு வைக்கச் சொல்லல. உரிமையாளர்னு தானே அறிவிச்சுக்கிட்டவரு, கை போனதும் ஊழியர்ங்கிறாரு. எப்படி ஒத்துக்கிறது?"

அதிகாரி அம்மா முத்திரையைக் கண்ணாடிக்கு அருகே வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று சின்னவனைக் கேட்டார். "சரியான காரணம் இல்லேன்னா, இது உங்களுக்கு எதிராத்தான் நிக்கும்."

சின்னவன் வாயைத் திறந்தான். எப்படிச் சொல்வது? மனைவி நிற்கிறாள், அவள் அக்கா நிற்கிறாள், இவர் நிற்கிறார்.

"கம்பெனிதாங்க வைக்கச் சொன்னாங்க" என்று ஒரு குரல் கேட்டது. பெரியவர்தான். "முத்திர செஞ்சுக்கோன்னு மேனேஜர்தான் சொன்னாரு. என் கண்ணு முன்னாடியே சொன்னாரு. நான் சாட்சி."

"அபாண்டம்!" மேனேஜர் எழுந்துவிட்டார்.

வக்கீல் அவரைக் கையமர்த்தினார். "எழுதிக்கட்டும் சார்." பெரியவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "இது பொய்னு நாங்க நிரூபிச்சா உங்க வேலை என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும்" என்றார் பெரியவர்.

பச்சைப் பொய். முத்திரை செய்த அன்று மேனேஜருக்கு ஒன்றும் தெரியாது. நாலு வருஷமாக 'மேனேஜர் திட்டுவாரு' என்று நடுங்கிய மனுஷன், தன் வேலையை மேசைமேல் எடுத்து வைத்துப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். சின்னவன் வாசலைப் பார்த்தான். அவன் மனைவி பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கட்டி, கும்பிடப் போகிறவள் மாதிரி. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இவனை ஒரு நாளாவது அப்படிப் பார்த்திருப்பாளா?

சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். வேலை கிடைத்துவிடும். ஆனால் அவனுக்குள் அந்தப் பழைய எரிச்சல் குபுகுபுவென்று கிளம்பியது. நிரந்தர வேலையும் அவனுக்கு, லீவும் அவனுக்கு, பத்து விரலும் அவனுக்கு. இப்போது நல்லவன் என்ற பெயரும் அவனுக்கா? பொய் சொல்லியும் அவன்தான் பெரிய மனுஷனா? நான் ஆயுசுக்கும் அவன் தயவில் பிழைத்த 'உடன் ஒருவர்'தானா?

"அவர் சொல்றது பொய்ங்க" என்று எழுந்தான். "யாரும் வைக்கச் சொல்லல. நானாத்தான் செஞ்சேன்."

"உக்காருடா!" என்றார் பெரியவர்.

"எதுக்கு செஞ்சீங்க?" என்றார் அதிகாரி அம்மா.

"பொறாமைங்க."

எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு மேல?"

சின்னவன் காட்டுவதற்குக் கையைத் தூக்கினான். ஆள்காட்டி விரல் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. முழுக் கையையும் பெரியவர் பக்கம் நீட்டினான். "இவர் மேலதாங்க. என் சகலை. நான் கூட்டிட்டு வந்த ஆளு, நான் சொல்லிக்குடுத்த வேலை. அவருக்குக் காய்ச்சல் வந்தா லீவு, எனக்கு வந்தா திட்டு. அவருக்கு வர்ற சட்டைப் பெட்டியப் பாத்தா எனக்கு வயிறு எரியுங்க. கையுறை குடுத்தாரு, வீம்புக்கு வாங்கல. பதிவேட்டுல அவரு பேரு இருக்கும், நான் 'உடன் ஒருவர்'. ஏழு வருஷம் வேலை செஞ்சிருக்கேன், என் பேரு எங்கயும் இல்ல. அதான் ரப்பர்ல செஞ்சுக்கிட்டேன். இவர விட ஒரு படி மேல இருக்கணும்னு உரிமையாளர்னு போட்டுக்கிட்டேன். வேற ஒண்ணுமில்லீங்க."

"அந்த மின்னல் சர்வீஸுக்கு ஆபீஸ்?"

"இல்லீங்க."

"வாடிக்கையாளர்?"

"ஒருத்தருமில்ல."

"வேலை செய்யறவங்க?"

"நானே அதுல வேலை செய்யலீங்க."

எழுத்தர் சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில் எதையோ தேடினார். அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வக்கீலைப் பார்த்தார்.

"இருபது வருஷமா இந்த நாற்காலில உக்காந்திருக்கேன். பக்கத்து ஆளோட லீவையும் கையுறையையும் பாத்து வயிறு எரிஞ்ச முதலாளிய இதுவரைக்கும் பாத்ததில்ல. இது தொழிலாளிக்கு இருக்கிற ஏக்கம். மேற்கொண்டு ஏதாவது சொல்லணுமா?"

வக்கீல் ஏதேதோ சொன்னார். சாட்சி பொய் சொன்னதைப் பதிவு செய்யவேண்டும் என்றார். முத்திரை பற்றிச் சாட்சி சொன்னதைக் கணக்கில் எடுக்கப்போவதில்லை, மற்றதற்கெல்லாம் கம்பெனியின் பட்டியல்களே ஆதாரம் என்றார் அதிகாரி அம்மா. பிறகு எழுத்தர், எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார். '...மேற்படி சகலை மீது கொண்ட பொறாமையின் காரணமாகவே மேற்படி முத்திரையைச் செய்துகொண்டேன் என்றும்...' ரேடியோவில் மழைக்கணக்கு வாசிக்கிற குரலில் அவன் நாலு வருஷத்து வயிற்றெரிச்சல் முழுவதும் அந்த அறைக்குள் வாசிக்கப்பட்டது. சின்னவன் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான்.

மதியத்துக்கு மேல் உத்தரவு வந்தது. முதல் நாள் சட்டை போட்டதிலிருந்தே அவன் கம்பெனியின் தொழிலாளிதான். சிகிச்சை கம்பெனி பொறுப்பு. ஒரு வாரத்துக்குள் கைக்கு ஏற்ற வேலையில் திரும்ப எடுக்கவேண்டும். அவன் மனைவி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். சின்னவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பெரியவரைக் காணவில்லை.

வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சின்னவன் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

"அண்ணே, உங்க வேலைக்கு ஒண்ணும்..."

"ஆஸ்பத்திரி லிஃப்டு வேலையிலேருந்து எடுத்துட்டாங்க. எங்கயோ தூரத்துல போடுவாங்களாம். மேனேஜர் சொல்லிட்டுப் போறாரு. பரவால்ல."

"கோவமாண்ணே? நான் அங்க உங்களப்பத்தி அப்பிடிச் சொன்னது..."

"பொறாமைன்னு சொன்னதா? அது எனக்கு நாலு வருஷமாத் தெரியும்டா. என் சாப்பாட்டுப் பாத்திரத்த நீ பாக்குற பார்வையே சொல்லும்." பெரியவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை, உடனே கலைந்துவிட்டது. "அதுக்கெல்லாம் கோவமில்ல."

"பின்ன ஏண்ணே பேசாம வந்துட்டீங்க?"

பெரியவர் ஹெல்மெட்டின் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

"உன் எடத்துலதான் நான் உக்காந்திருக்கேன்னு எனக்குத் தெரியாதா? நீ கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்தே, நான் உன் தலைமேல ஏறி உக்காந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் 'உடன் ஒருவர்'னு எழுதுறப்ப எனக்குக் கை கூசும்டா. அன்னைக்கு நான் மேலேன்னு சொல்லித்தான் உன் கை போச்சு. மூணு நாளா அந்த ஒரு பொய்யச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன், கண்ணாடி முன்னாடி நின்னு. எனக்கு அவ்வளவு தைரியம் ஏது? எப்படியோ வரவழைச்சுக்கிட்டு வந்தேன். உனக்குன்னு ஒண்ணே ஒண்ணு செஞ்சிட்டா, அப்புறம் உன் மூஞ்சிய நேராப் பாக்கலாம்னு. அதக்கூட நீ செய்ய விடலியேடா."

சின்னவன் யோசித்தான். உங்கள் வேலை போய்விடக்கூடாது என்றுதான் எழுந்தேன் அண்ணே, உங்களைக் காப்பாற்றத்தான் உண்மையைச் சொன்னேன் என்று சொல்லிவிடலாம். நம்புவார். அழகாக முடிந்துவிடும். ஆனால் காலையிலிருந்து பொறாமை பொறாமை என்று சொல்லியே பழகிவிட்ட நாக்கு, இதற்கு மட்டும் பொய் சொல்ல மறுத்தது.

"அங்க எந்திரிச்சதும் பொறாமைலதாண்ணே" என்றான். "நீங்க நல்லவரா ஆகறத என்னால உக்காந்து பாக்க முடியல."

பெரியவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். இரண்டு வீடும் ஒரே பக்கம்தான். ஏறிக்கொள் என்று அவர் சொல்லவில்லை. ஏறட்டுமா என்று கேட்க இவனுக்கும் வாய் வரவில்லை.